செல்ஃப் எடுக்காத காலை: கார் பேட்டரி பற்றி வாசகர் கேள்வி, பதில்

கத்திரி முடிந்த கையோடு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பேட்டரியைத்தான் சுற்றி வருகின்றன. மே மாதச் சூடு பேட்டரியின் உயிரை உறிஞ்சிவிடும். அது தெரியவருவது அடுத்த சில வாரங்களில். இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் சின்ன பெட்ரோல் காரின் பேட்டரிக்கு நாலு வருஷம் ஆகிறது. ஒரு வாரமாகக் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்டக்டக்’ என்று சத்தம் மட்டும்தான். கடையில் பார்க்காமலே “பேட்டரி போச்சு, மாத்திடுங்க” என்கிறார்கள். வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியும். அதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். சென்னை வெயிலில் கார் பேட்டரி மூன்று, நான்கு வருஷம் உழைத்தாலே நல்ல உழைப்பு. அதனால் கடைக்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதே ‘டக்டக்’ சத்தம் டெர்மினல் லூஸாக இருந்தாலும் வரும், ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றாவிட்டாலும் வரும். அப்போது புது பேட்டரி போட்டாலும் பத்து நாளில் பழைய கதைதான்.

ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் கதவைத் திறந்து மூடாமல் அளக்க வேண்டும். ஓட்டி வந்தவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றிவிடும். டி.சி. 20 வோல்ட்டில் மீட்டரை வைத்து, சிவப்பு முனையை பேட்டரி மேல் நீட்டியிருக்கும் பிளஸ் கம்பத்திலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு மாற்றுவது ஒன்றே வழி.

அடுத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நிற்கும்போது 12.4-க்கு மேல் காட்டிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதற்குச் சக்தி போய்விட்டது. அப்படி விழாமலே ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஒயர்களையும் ஸ்டார்ட்டரையும் பாருங்கள்.

இன்னொரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. மீட்டரின் ஒரு முனையை ஈயக் கம்பத்தின் உச்சியிலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் குற்றம் பேட்டரியில் இல்லை; கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே இருக்கும் அழுக்குப் படலத்தில் இருக்கிறது. ஒரு கரண்டி ஆப்பசோடாவில் முடிகிற வேலை அது.

என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை காட்டினால் சார்ஜிங் சரி. இப்போது வரும் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் சார்ஜை ஏற்றி இறக்கும். அவற்றில் சற்று நேரம் 13-க்குக் கீழே காட்டினால் பதற வேண்டாம். எந்நேரமும் 12.5-லேயே நின்றால் பெல்ட், ஆல்டர்நேட்டர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வீடு காசிமேடு பக்கம். பேட்டரி பிளஸ் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. துடைத்தாலும் ரெண்டு மாசத்தில் திரும்ப வருகிறது. பெட்ரோல் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: பெட்ரோல் கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனே சிறு பொறியில் வெடிக்கக்கூடியது. அதன் மேல் பெட்ரோல் ஆவியையும் சேர்க்காதீர்கள்.

பூத்திருப்பது அமில ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்ற உப்பு. நீலப் பச்சையாக இருந்தால் செம்பு ஒயர் வரை அரிப்பு போய்விட்டது என்று அர்த்தம். கடற்காற்று இதைத் தொடங்கிவைப்பதில்லை, ஆனால் வேகப்படுத்துகிறது. நட்டு, போல்ட்டு, பேட்டரி உட்காரும் தகரத் தட்டு எல்லாவற்றையும் அதுதான் துருவேற்றுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பானட்டைத் திறந்து பாருங்கள்.

முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று இரண்டு கிளாம்பையும் கழற்றிவிடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். ‘புஸ்’ என்று நுரை பொங்கும். நுரைப்பது நின்றால் அங்கே அமிலம் தீர்ந்தது. தண்ணீர் ஊற்றும் மூடிகள் உள்ள பேட்டரியாக இருந்தால் சோடா நீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. போனால் உள்ளிருக்கும் அமிலத்தையும் அது கெடுத்துவிடும். பிறகு சுத்தமான தண்ணீரால் கழுவித் துடைத்து, கம்பத்தையும் கிளாம்பின் உள்வட்டத்தையும் கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ ஈயம் பளபளக்கும் வரை தேயுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், அது ஈயம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மாட்டும்போது பிளஸ் முதலில். முறுக்கி முடித்த பிறகு மேலே மெல்லியதாக வாஸ்லின் பூசுங்கள். முன்பே பூசிவிட்டு முறுக்காதீர்கள். ஈயமும் ஈயமும் நேராகத் தொட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ரெண்டே மாதத்தில் பூக்கிறது என்றால் கம்பத்தின் அடியில் சீல் விட்டிருக்கலாம், அல்லது ஆல்டர்நேட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக்கொண்டிருக்கலாம். மீட்டர் சொல்லிவிடும். பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 35 ஆம்ப் ஹவர் இருந்த இடத்தில் 44 போடலாமா? போன முறை வாங்கிவந்த பேட்டரியில் ஒயர் எட்டவே இல்லை, திருப்பிக் கொடுத்தேன்.
– வாசகர், எர்ணாவூர்

பதில்: ஒயர் எட்டாததற்குக் காரணம் ஒரு எழுத்து. பழைய பேட்டரி லேபிளில் ‘38 பி 20 எல்’ என்பது போல ஒரு எண் இருக்கும். நடுவில் இருக்கும் ‘பி’ அகல உயரத்தின் வகை, 20 என்பது நீளம் சென்டிமீட்டரில். கடைசி எழுத்து ‘எல்’ அல்லது ‘ஆர்’ பிளஸும் மைனஸும் எந்தெந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. உங்களுக்குத் தந்தது எதிர் எழுத்தாக இருந்திருக்கும். எட்டவில்லையே என்று ஒயரை இழுத்து மாட்டாமல் திருப்பிக் கொடுத்தது நல்ல காரியம். கடைக்குப் போகும்போது பழைய லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆம்ப் ஹவர், அதாவது பேட்டரி சேமித்துவைக்கும் கரண்டின் அளவு, கூடினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று விஷயம் பொருந்த வேண்டும். தட்டில் உட்கார்ந்து, பேட்டரியை அசையாமல் பிடிக்கும் பிடிப்புக் கிளாம்ப் பொருந்த வேண்டும். உயரம் கூடி பானட் தகரத்தை டெர்மினல் தொடக்கூடாது. கம்பத்தின் தடிமன் ஒத்துப்போக வேண்டும். சின்ன கார்களில் பெரும்பாலும் ஒல்லிக் கம்பம், பெரிய பேட்டரிகளில் தடித்த கம்பம். ஒல்லிக் கம்பத்துக்கான கிளாம்பைத் தடித்த கம்பத்தில் தட்டித் தட்டி இறக்கினால் கம்பத்தின் அடியில் விரிசல் விடும்.

சிக்னலில் தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் ஆம்ப் ஹவர் மட்டும் பார்க்காதீர்கள். இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று பழையதில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதே வகை வேண்டும். சாதாரண பேட்டரி அந்த வேலைக்குத் தாங்காது.

தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் கிடந்ததை வாங்காதீர்கள். கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.4-க்குக் கீழே காட்டினால் வேறு ஒன்று கேளுங்கள். வாரண்டி ‘24+24’ என்று இருந்தால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று. மீதி 24 மாதத்தில் புதியதன் விலையில் கழிவு மட்டும் தருவார்கள். கார்டில் வண்டி எண், தேதி, கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: புது பேட்டரி வாங்கிவிட்டேன். மாற்றுவதை நானே செய்ய ஆசை. படிப்படியாகச் சொல்ல முடியுமா? ஷாக் அடிக்குமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிளஸ் கம்பத்துக்கும் வண்டித் தகரத்துக்கும் நடுவே ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும்; ஸ்பானர் சிவந்து ஒட்டிக்கொள்ளும். மோதிரமோ கைச்செயினோ அந்த இடத்தில் இருந்தால் விரல் வெந்துவிடும். எனவே மோதிரம், வாட்ச், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேவையானவை: 10-ஆம் நம்பர் ரிங் ஸ்பானர், பிடிப்புக் கிளாம்புக்கு 12 அல்லது 13 நம்பர் (ஆழத்தில் இருந்தால் நீட்டுக்கம்பியுடன் சாக்கெட்), ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி, பழைய சைக்கிள் டியூப் துண்டு இரண்டு, ஒரு பாட்டில் தண்ணீர். அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதனால் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது கதவு பூட்டிக்கொண்டால் கை விட்டுத் திறக்க உதவும். சாவியை எடுத்து, பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் அதைத் தூரமாக வைத்துவிட்டு, பத்து நிமிஷம் பொறுங்கள். வண்டிக் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அந்த நேரம் வேண்டும். எந்த ஒயர் எங்கே என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைனஸ். இந்த வரிசை ஏன் என்று புரிந்தால் மறக்காது. வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு இணைந்தது. மைனஸை அவிழ்க்கும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் மைனஸும் மைனஸும் தொடுவதுதான், ஒன்றும் நடக்காது. மைனஸ் கழன்றபின் பிளஸை அவிழ்க்கும்போது பட்டாலும் சுற்று முழுமையாகாது. பிளஸை முதலில் தொட்டால்தான் பொறி பறக்கும்.

நட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம், நாலைந்து சுற்று போதும். கிளாம்பை இடமும் வலமும் திருகித் திருகி மேலே எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பாதீர்கள். ஈயக் கம்பம் மிருதுவானது, அடியில் உடையும். வராமல் அடம்பிடித்தால் கொஞ்சம் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி ரெண்டு நிமிஷம் விடுங்கள். மைனஸ் கிளாம்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு சென்சார் இருந்தால் அதைப் பிடித்து இழுக்கக்கூடாது. அதன் விலையில் பாதி பேட்டரி வாங்கிவிடலாம். எடுத்த கிளாம்பை சைக்கிள் டியூப் துண்டுக்குள் நுழைத்து ஓரமாகச் செருகுங்கள். அது தானாக வளைந்து திரும்ப வந்து கம்பத்தில் உட்காரும் குணம் உள்ளது.

பிறகு சிவப்பு மூடியைத் தூக்கிப் பிளஸை அதே போல எடுங்கள். பல வண்டிகளில் பிளஸ் கிளாம்பின் மேலேயே ஃபியூஸ் தட்டு இருக்கும். அது பிளாஸ்டிக், வளைத்தால் முறியும். தட்டோடு சேர்த்து நேராக மேலே தூக்குங்கள்.

பிடிப்புக் கிளாம்பைக் கழற்றி பேட்டரியைச் சாய்க்காமல் எடுங்கள். சின்ன காருக்கானது 10 கிலோ பக்கம், டீசல் வண்டிக்கானது 15-க்கு மேல். முதுகை வளைத்து எட்டித் தூக்காமல் வண்டியோடு ஒட்டி நின்று தூக்குங்கள். காலியான தட்டில் சருகும் வெள்ளைத் தூளும் கிடக்கும். சோடா நீர் ஊற்றிக் கழுவி, வடிகால் ஓட்டையைக் குச்சியால் குத்திவிடுங்கள். தகரம் துருப்பிடித்திருந்தால் தேய்த்து, பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு மேலே போகலாம். ஒருநாள் தாமதமானாலும் கடலோரத்தில் இது செய்யத்தக்க வேலை.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிளஸ் ஒரே பக்கம்தானா என்று பாருங்கள். மாற்றி மாட்டினால் மெயின் ஃபியூஸ் போகும்; ஆல்டர்நேட்டர் டயோடும் போகலாம். சந்தேகம் இருந்தால் கம்பத்தின் தடிமனைப் பாருங்கள், பிளஸ் எப்போதும் சற்றுத் தடித்தது. இறக்கி வைத்து, முதலில் பிடிப்புக் கிளாம்பை முறுக்குங்கள். கையால் ஆட்டினால் அசையக்கூடாது, பெட்டியும் நசுங்கக்கூடாது. பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளங்களில் ஆடிக்கொண்டே போகும் பேட்டரியின் தகடுகள் உதிர்ந்துவிடும். பலர் இந்தக் கிளாம்பைத் திரும்ப மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். பேட்டரி சீக்கிரம் சாக அது ஒரு முக்கியக் காரணம்.

பிளஸை மாட்டி முறுக்கி, மூடியைப் போட்டு, கடைசியாக மைனஸ். தொடும்போது சின்னப் பொறி வரும், அது இயல்பு. பளிச்சென்று பெரிதாக வந்தால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்டு விளக்குகளைப் பாருங்கள். கிளாம்பு கம்பத்தின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். கையால் திருகினால் திரும்பாத அளவு முறுக்கினால் போதும்; அதற்கு மேல் பலம் காட்டினால் கிளாம்பு கிழியும். எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

கேள்வி: பேட்டரி மாற்றிய பிறகு ஜன்னல் கண்ணாடி ஒரே தட்டில் ஏறவில்லை, ஐடிலிங்கும் ஏறி இறங்குகிறது.
– வாசகி, மாதவரம்

பதில்: ஞாபகம் அழிந்ததால் வருவது, பழுது இல்லை. பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை மேலேயே சில நொடி பிடித்திருந்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும். ஐடிலிங் சில நாள் ஓட்டத்தில் சீராகும். கடிகாரம், ரேடியோ நிலையங்களை மறுபடி வைக்க வேண்டும். சில ஜெர்மன் கார்களில் புது பேட்டரியை ஸ்கேனர் வைத்துப் பதிய வேண்டும். அந்த வண்டிக்காரர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு மட்டும்தான் வண்டி எடுப்பேன். சில நேரம் மூன்று வாரம்கூட நிற்கும். ஒன்றரை வருஷத்தில் இரண்டாவது பேட்டரி இது.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பூட்டி நிற்கும் காரும் அலாரம், கம்ப்யூட்டர் என்று கொஞ்சம் கரண்ட் இழுக்கும். 50 மில்லி ஆம்ப் வரை சரி. 30 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்ப் ஹவர், மூன்று வாரத்தில் 15. உங்கள் பேட்டரி 35 என்றால் கிட்டத்தட்ட பாதி காலி. பாதி சார்ஜில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய உப்பு படிந்து இறுகிவிடும், பிறகு கரையாது. உங்கள் பேட்டரிகள் செத்தது இப்படித்தான். அரை மணி நேரம் கோயிலுக்குப் போய்வந்தால் அந்தப் பாதி நிரம்பாது.

வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். அல்லது மாதம் இருமுறை தானாக நிற்கும் சார்ஜரில் போடுங்கள். 35-க்கு மூன்று, மூன்றரை ஆம்பியர் போதும், காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். டேஷ் கேமரா பொருத்தியிருக்கிறீர்களா? அது வண்டி நின்றபோதும் ஓடினால் நாங்கள் போட்ட கணக்கெல்லாம் சிறிது, சில நாளிலேயே காலியாகும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுக்கும் சரியான வரிசை என்ன?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்லதன் பிளஸ். கறுப்பு நல்லதன் மைனஸ். அதன் மறுமுனை செத்த வண்டியின் பேட்டரியில் அல்ல, தூரமாக என்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு கனத்த இரும்பில். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். அந்தப் பொறி ஹைட்ரஜன் கசியும் பேட்டரி அருகில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சுற்று. ஐந்து நிமிஷம் நல்ல வண்டியை ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசை. கேபிள் விரல் தடிமனாவது இருக்கட்டும், மெல்லியது சூடாகி உருகும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கார்கள் மூழ்கின. அடுத்த முறை பேட்டரியைக் கழற்றி வைப்பது உதவுமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: உதவும், தண்ணீர் வருவதற்கு முன் செய்தால். வண்டியை மேட்டுக்கு ஏற்ற முடியாத நிலையில், மைனஸைக் கழற்றி டியூபில் சுற்றிவிடுங்கள். கரண்ட் ஓடும் ஒயர் நனைந்தால் கனெக்டர்கள் ஒரே நாளில் பச்சை பிடித்துவிடும். கரண்ட் இல்லாமல் நனைந்தால் காயவைத்துப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. கதவைச் சாவியால் பூட்டுங்கள். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர் வடிந்தபின் “ஒருதடவை அடிச்சுப் பார்ப்போம்” என்று செல்ஃப் அடிப்பதுதான் பெரிய நஷ்டம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மைனஸ் கழற்றாமல் இருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பேட்டரி சீல் செய்ததாக இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, வோல்ட் பார்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மூடி உள்ளதில் வெள்ள நீர் புகுந்திருந்தால் வேண்டாம். அந்த டிசம்பரில் எண்ணூர் பக்கம் வந்ததைப் போல எண்ணெய் கலந்த நீர் என்றால் ஒயர் உறைகளையும் ரப்பர் குழாய்களையும் சோப்பு நீரில் கழுவுங்கள், எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பும்.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீரை பேட்டரிக்கு ஊற்றலாமா?
– வாசகர், மணலி

பதில்: கூடாது. ஆர்.ஓ. நீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோடு வரை மட்டும், சார்ஜ் ஏறிய பிறகு. முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் மூழ்கும் அளவு ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பழைய பேட்டரியை வாசலில் வரும் காயலான் கடைக்காரர் கூடுதல் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வேண்டாம் அம்மா. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. நாம் செய்ய வேண்டியது குப்பையோடு கலக்காமல் சேர்க்கும் இடத்தில் கொடுப்பது. புதியது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, கழித்த தொகையை பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அனுமதியில்லாத இடத்துக்குப் போனால் அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குவார்கள். அந்தப் புகை முதலில் பாதிப்பது பக்கத்தில் விளையாடும் குழந்தைகளின் மூளையை. கூடுதலாகக் கிடைக்கும் அந்தச் சில நூறு ரூபாய் அங்கிருந்துதான் வருகிறது.

கடைக்குக் கொண்டுபோகும்போது பிளஸ் கம்பத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பில் நிமிர்த்தி வைத்து, காரின் பின் சீட்டில் அல்லாமல் டிக்கியில் கொண்டுபோங்கள். ஸ்கூட்டர் காலடியில் என்றால் கயிற்றால் கட்டுங்கள். சாய்ந்தால் ஒழுகும் அமிலம் புடவை, பேண்ட் எதையும் விடாது.